டயலில் கை படாத வாட்ச்

களம்பூரில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் பெயர்ப்பலகையில் களம்பூர் இருக்காது. விழுப்புரம்–காட்பாடி பாதையில் போகிறவர்கள் அங்கே படிப்பது 'ஆரணி ரோடு'. பட்டுக்குப் பேர்போன ஆரணிக்குள் ரயில் போவதில்லை. அரிசி ஆலைகள் நிறைந்த களம்பூரில் இறங்கித்தான் பட்டெடுக்கப் போக வேண்டும். கல்யாணப் பட்டுக்காக வந்து இறங்கிய குடும்பங்களில் எத்தனை பேருடைய அடுத்த வேலை மாப்பிள்ளைக்கு வாட்ச் வாங்குவதாக இருந்திருக்கும்! மோதிரம், செயின், வாட்ச் என்ற மூன்றும் சீர்வரிசையில் சேர்ந்தே உச்சரிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த வாட்சுகளில் பல இன்னும் பீரோவின் உள்லாக்கரில், பழைய ரேஷன் கார்டோடும் பத்திரத்தோடும் கிடக்கின்றன. சாவி கொடுக்க ஆளில்லாமல் நின்றுபோயிருந்தாலும் அவற்றில் சில இன்று உண்மையிலேயே அரியவை.

உலகெங்கும் பழைய கைக்கடிகாரம் சேர்க்கிறவர்கள் கூடினால் தவறாமல் எழும் கேள்வி ஒன்று: உன் கைக்கு வந்ததிலேயே கிடைத்தற்கரியது எது? ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் அதற்குக் கிடைக்கும் பதில்கள் தலைசுற்ற வைக்கும். படேக் பிலிப் நிறுவனம் 1941-இல் கொண்டுவந்த 1518 என்ற மாடலில் மொத்தம் 281 வாட்சுகள்தான் செய்யப்பட்டன. பெரும்பாலானவை தங்கம். ஸ்டீல் கேஸில் இதுவரை தெரியவந்திருப்பவை நான்கே. அந்த நான்கில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது. தங்கத்தைவிட எஃகுக்கு விலை அதிகம் என்பது நகைக்கடையில் எடுபடாத கணக்கு. கடிகார உலகில் அதுதான் முதல் பாடம்.

ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனாவின் கதை இன்னும் சுவையானது. கார் பந்தயப் பித்துப்பிடித்த கணவருக்கு மனைவி ஜோன் உட்வர்ட் வாங்கிக்கொடுத்தது அது. பின்மூடியில், பார்த்து வண்டி ஓட்டச் சொல்லி ஒரு வரி பொறித்திருந்தார். அந்த வாட்சின் டயல் அலங்காரம் அன்றைக்குக் கடைகளில் விலைபோகாத சரக்கு. யாரும் வாங்கவில்லை, அதனால் அதிகம் செய்யவில்லை, அதனால் பிற்காலத்தில் அரிதாயிற்று. நியூமன் அந்த வாட்சை மகளின் நண்பருக்குச் சும்மா கழற்றிக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபரில் அது நியூயார்க்கில் ஏலம் போன தொகை 1 கோடியே 77 லட்சம் டாலருக்கும் மேல்.

இந்தக் கேள்வியை வட ஆற்காட்டு மண்ணில் கேட்டால் பதில் வேறாக இருக்கும். இங்கே அரிதாவது தங்கத்தாலும் அல்ல, நடிகர் பெயராலும் அல்ல. யாரும் கைவைக்காமல், கம்பெனியிலிருந்து வந்த டயலோடு, இன்னார் கட்டியது என்ற விவரத்தோடு ஒரு வாட்ச் தப்பிப் பிழைத்திருப்பதுதான் இங்கே அபூர்வம். அது ஏன் அபூர்வமானது என்பதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

களம்பூரிலிருந்து வேலூர் போகும் வழியில் கண்ணமங்கலம். அதை அடுத்த கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே இன்னொரு பெயர். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். அந்தப் போர்தான் சட்டைப் பையில் இருந்த கடிகாரத்தை மணிக்கட்டுக்கு ஏற்றியது. பதுங்குகுழியில் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் சிப்பாய் பையில் கைவிட்டு மணி பார்க்க முடியாது. இந்திய ராணுவத்தில் அந்தக் காலத்தில் புழங்கிய பெயர் வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி. சுவிஸ் நாட்டின் சாந்திமியே நகரத்து வியாபாரிகள் 1886-இல் பம்பாயில் திறந்த கடை அது. பிறகு கல்கத்தாவிலும் கிளை. பழைய டயல்களில் 'பம்பாய், கல்கத்தா' என்று இரண்டு ஊர்ப் பெயரும் அச்சாகியிருக்கும். உள்ளே ஓடும் இயந்திரம் பல வாட்சுகளில் லாஞ்சின்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 'சோவார்', 'குயின் ஆன்', 'மேட்ச்லெஸ்' என்று மாடல்கள். கீழே விழுந்தாலும் பாலன்ஸ் சக்கரத்தின் ஊசிமுனை முறியாமல் காக்கும் இன்காபிளாக் ஸ்பிரிங்கை 1934-இல் பொருத்திய முதல் கம்பெனி தாங்களே என்று இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

சோவார் பிரைமா ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் சேகரிப்பாளர் விடமாட்டார். ஆனால் நல்ல நிலையில் கிடைப்பதுதான் கஷ்டம். பட்டாளத்து வாட்ச் சேற்றிலும் வியர்வையிலும் ஊறியது. ஊர் திரும்பிய பிறகு வயல்வேலையிலும் கையில் இருந்தது. பழுது பார்க்கப் போனபோதெல்லாம் ஒரு முள்ளை இழந்தது, ஒரு கண்ணாடியை மாற்றிக்கொண்டது. கடைசியில் டயலும் போயிற்று.

கடிகார வரலாற்றில் சென்னைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்திய நேரம் என்று ஒன்று வரும்வரை நாட்டின் பெரும்பாலான ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரப்படி. கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது அது. அந்த மெட்ராஸின் மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கென்றே மாளிகை கட்டிய கடை பி.ஆர் அண்ட் சன்ஸ். கட்டடம் ராபர்ட் சிஷோம் வரைந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் கடிகாரம் வருவித்து டயலில் தங்கள் பெயரையும் 'மெட்ராஸ்' என்ற ஊரையும் அச்சிட்டு விற்றார்கள். இப்படிக் கடைப்பெயர் தாங்கிய டயலுக்கு உலகச் சந்தையில் எப்போதும் மரியாதை அதிகம். நியூயார்க்கின் டிஃபனி கடைப்பெயர் இருந்தால் அங்குள்ள சேகரிப்பாளர் எப்படித் துள்ளுவாரோ, அதே துள்ளலுக்குரிய பெயர் தமிழ்நாட்டில் இதுதான். தாத்தாவின் பெட்டியில் 'மெட்ராஸ்' என்று அச்சிட்ட டயலைப் பார்த்தால் தயவுசெய்து அதைத் துடைக்கக்கூட வேண்டாம்.

பழைய ஆட்கள் அதிகம் உச்சரிக்கும் இன்னொரு பெயர் ஃபேவர் லூபா. 1737-இல் வேரூன்றிய சுவிஸ் நிறுவனம். 1865-இலேயே இந்தியாவுக்கு வியாபாரம் செய்ய வந்துவிட்டது. 'சீ சீஃப்', 'சீ கிங்' என்ற அதன் மாடல்களை வாத்தியார் கையிலும் மணியக்காரர் கையிலும் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவை பரவலாகக் கிடைப்பவை. அரியவை என்று சொல்ல முடியாது. அரியவை அதே கம்பெனியின் வேறு இரண்டு படைப்புகள். ஒன்று 1962-இல் வந்த 'பிவாக்': காற்றழுத்தத்தை அளந்து மலையின் உயரத்தைக் காட்டும் கருவியை மணிக்கட்டுக்குள் அடக்கிய முதல் சாவி வாட்ச். இன்னொன்று 1968-இன் 'பாத்தி 50': கடலில் மூழ்குகிறவருக்கு எத்தனை ஆழத்தில் இருக்கிறார் என்று முள்ளால் காட்டும், 50 மீட்டர்வரை. இந்தியாவோடு இத்தனை நெருங்கிய அந்த நிறுவனத்தையே 2011-இல் டைட்டன் வாங்கியது. பிறகு அது கைமாறிவிட்டது.

வெளிநாட்டு வாட்ச் வீட்டில் இருந்தும் அதற்கு ஏன் பில் இல்லை? தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் மோதும் சுவர் இது. சுதந்திரத்துக்குப் பிறகு வாட்ச் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123-ஆவது பிரிவைப் படித்தால் அந்தக் காலத்தின் நாடித்துடிப்பு தெரியும். பறிமுதல் செய்த பொருள் கடத்தல் சரக்கு அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை, வைத்திருந்தவர் தலையிலேயே அந்தப் பிரிவு சுமத்துகிறது. சட்டமே பெயர் சொல்லும் பொருள்கள் இரண்டுதான்: தங்கமும் அதில் செய்த பொருள்களும் ஒன்று, வாட்ச் இன்னொன்று. தங்கத்துக்கு இணையாக வாட்சும் கடத்தப்பட்ட நாடு இது.

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊருக்கு வந்தவர்கள் கையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சீகோ 5, சிட்டிசன், ரிக்கோ, ஓரியண்ட். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் சென்னைக் கடற்கரையோரம் உருவான பர்மா பஜாரில் அவை கைமாறின. அங்கே யார் பில் போட்டார்கள்? பெட்டியும் காகிதமும் சேர்ந்திருந்தால் ஒரு வாட்சின் விலை உலகச் சந்தையில் பல மடங்கு ஏறும். நம் ஊருக்கு வந்த வெளிநாட்டு வாட்சுகள் பலவும் அந்த இரண்டையும் கடலிலேயே விட்டுவிட்டு வந்தவை.

வாட்சுக்கு ரசீது எத்தனை முக்கியம் என்று தமிழ்நாடே சமீபத்தில் விவாதித்தது நினைவிருக்கலாம். 2022 டிசம்பரில், அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்ட் ராஸ் வாட்ச் அரசியலானது. ரஃபேல் போர்விமானத்தின் பெயரில் 500 மட்டுமே செய்யப்பட்ட வரிசையில் அது ஒன்று. அமைச்சராக இருந்த செந்தில்பாலாஜி ரசீதைக் காட்டச் சொன்னார்; 2023 ஏப்ரலில் அண்ணாமலை ரசீதை வெளியிட்டார். அரசியலை விட்டுவிட்டுப் பார்த்தால், ஏல நிறுவனங்கள் ஒவ்வொரு வாட்சுக்கும் கேட்கும் கேள்விகளேதான் அங்கே எழுந்தன: எத்தனையில் இது எத்தனையாவது, யாரிடமிருந்து வந்தது, காகிதம் எங்கே?

உள்நாட்டு வாட்சுக்கு வருவோம். மனசு ஒட்டிக்கொள்வது இங்கேதான்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் தொகுப்பை வெளியிட்டவர் பிரதமர் நேரு. 'ஜனதா' என்ற மாடல் ஒரு தலைமுறை முதல் சம்பளத்தில் வாங்கியதாகவும் பரீட்சைப் பரிசாகவும் மாப்பிள்ளை வாட்சாகவும் இருந்தது. வெள்ளை டயல், மெல்லிய எண்கள், '17 ஜூவல்ஸ் பாராஷாக்' என்ற எழுத்து. பற்சக்கரங்களின் அச்சுமுனைகள் தேயாமலிருக்க வைத்த செயற்கை மாணிக்கக் கற்கள் அந்தப் பதினேழு. வினாடிக்கு ஐந்து அடி துடிக்கும் இயந்திரம். காலையில் பல் துலக்கிவிட்டுச் சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை தாராளமாக ஓடும். பிறகு 'பைலட்', 'கோஹினூர்', 'சோனா', பெண்களுக்கு 'சுஜாதா' என்று வரிசை நீண்டது. தானாகவே சாவி ஏறும் 'காஞ்சன்' வந்தபோது அதற்கு வடநாட்டில் வரதட்சணை வாட்ச் என்றே பெயர் ஏற்பட்டது. கள்ளச்சந்தையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள்.

பத்து கோடிக்கும் மேல் விற்ற கம்பெனியின் வாட்ச் எப்படி அரிதாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரண ஜனதா இன்றும் அரிதல்ல. ஆனால் சிட்டிசன் பெயரும் சேர்ந்து அச்சான ஆரம்பகால டயல்கள் அரிது. தேவநாகரி எண்களோடு வந்த ஜனதா தெற்கில் அபூர்வம். பார்வையற்றோர் மூடியைத் திறந்து முள்ளைத் தொட்டு மணி அறியும் பிரெய்ல் வாட்ச் எச்.எம்.டி. செய்ததிலேயே நெகிழவைப்பது. விரல் பட்டுப் பட்டே தேய்ந்த அதன் டயலை முழுசாகப் பார்ப்பது பெரிய பாக்கியம். ராணுவத்தை மனத்தில் வைத்துச் செய்த 'ஜவான்' டயலில் 13 முதல் 24 வரை எண்களும் இருக்கும். கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் ஓய்வுபெற்ற சுபேதார்களின் வீடுகளில் தேட வேண்டியது இதைத்தான். காஷ்மீரில் ஸ்ரீநகரிலும் எச்.எம்.டி.க்கு ஓர் ஆலை இருந்தது. அதன் பொது மேலாளர் எச்.எல். கேரா 1990 ஏப்ரலில் தீவிரவாதிகளால் கடத்திக் கொல்லப்பட்டார். அங்கே தயாரான வாட்சைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர் அந்த ஆலையின் முடிவையும் சேர்த்தே ஏந்துகிறார்.

சீகோ 1969 டிசம்பர் 25 அன்று வெளியிட்ட அஸ்ட்ரான் என்ற, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் உலகின் சாவி வாட்சுகளுக்கு எமனாக வந்தது. எச்.எம்.டி.யும் 1981-இல் குவார்ட்ஸ் செய்தது. ஆனால் பழைய சாவி வாட்சையே நம்பியிருந்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை கட்டி, 1987-இல் குவார்ட்ஸோடு கடைத்தெருவுக்கு வந்தது. பெங்களூரிலிருந்து ஓசூர் கூப்பிடு தூரம். ஒரு யுகத்தை இன்னொன்று முடித்துவைக்க அந்தத் தூரமே போதுமாயிருந்தது. ஓசூர்க்காரர்களின் கைத்திறனையும் குறைத்துச் சொல்லக்கூடாது: 2002-இல் வந்த 'எட்ஜ்' மொத்தம் 3.5 மில்லிமீட்டர் கனம், உள்ளே இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். முதல் வரிசை எட்ஜ்களை இப்போதே பத்திரப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அது சரியான கணிப்பு.

2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்சஸை மூட ஒப்புதல் கொடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014-இல் வந்தபோதே கடைகளில் கூட்டம் அலைமோதியது. அதுவரை குழந்தைகள் விளையாடக் கொடுத்த வாட்சைத் திடீரென்று எல்லோரும் தேடினார்கள்.

தேட்டம் வந்ததும் கூடவே போலியும் வந்தது. பளீரென்ற ஆரஞ்சு, கிளிப்பச்சை, நீல டயல்களில் 'எச்.எம்.டி. பைலட்', 'மிலிட்டரி' என்றெல்லாம் எழுதிய வாட்சுகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. உள்ளே ஓடுவது பெரும்பாலும் உண்மையான பழைய இயந்திரம்தான். பழைய டயலின் பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்திருப்பார்கள். ஃபேவர் லூபாவும் வெஸ்ட் எண்டும் இதே கதிக்கு ஆளாகின்றன. பம்பாய் வாட்ச் என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் முகம் சுளிக்கும் சரக்கு இது. நம் நாட்டு ரிப்பேர்காரர்களின் திறமைக்கு உலகம் கொடுத்த பட்டம் இப்படியாகிப் போனது வருத்தத்துக்குரியது. உதிரி பாகம் இறக்குமதியாகாத காலத்தில் ஒரு ஏழையின் வாட்சை எப்படியாவது ஓடவைத்த அதே கைகள்தானே அவை!

ஆரணியில் சேலையின் ஜரிகையை உரசிப் பார்த்து அசலா என்று சொல்லும் கண் இருக்கிறது அல்லவா, டயலைப் பார்க்கவும் அப்படி ஒரு கண் வேண்டும். அசல் டயலில் எழுத்து மெல்லியதாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். மறுபூச்சில் எழுத்து தடிக்கும். நிமிடக் கோடுகள் எண்களோடு சரியாகச் சேராது. ஆங்கில எழுத்துப் பிழைகூட இருக்கும். இருட்டில் ஒளிரும் பூச்சு இன்னொரு சாட்சி. 1960-கள்வரை ரேடியம் பூசினார்கள். அமெரிக்காவில் தூரிகையை உதட்டில் கூராக்கி டயல் தீட்டிய இளம்பெண்கள் தாடை அழுகிச் செத்த பிறகுதான் அதன் விஷம் ஊருக்குத் தெரிந்தது. அடுத்து வந்தது டிரிட்டியம். அப்படிப்பட்ட சுவிஸ் டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' என்ற எழுத்து நிற்கும். டிரிட்டியத்தின் வீரியம் 12 ஆண்டுகளுக்குச் சற்று அதிகத்தில் பாதியாகிவிடும். ஆகவே 1970-ஆம் ஆண்டு வாட்ச் என்று சொல்லி விற்கிறவர், இருட்டில் அது ஜொலிப்பதைக் காட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

வெயிலில் கருப்பு டயல் தேன்நிறமாகப் பழுத்துப்போவதும் உண்டு. ரோலக்ஸிலும் ஒமேகாவிலும் அப்படிப் பழுத்த டயலுக்கு வெளிநாட்டில் தனி விலை. நம் ஊரிலோ அப்படிப் பழுத்ததை அழுக்கு என்று நினைத்துப் புதுப்பூச்சுக்குக் கொடுத்துவிட்டோம். கல்யாணச் செலவுக்காகத் தங்க கேஸை உருக்கியவர்களும் உண்டு. பழைய பட்டுச் சேலையை வெள்ளிக்காக எரித்த அதே தேவைதான் அதற்கும் காரணம். அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற வாட்சை யாரும் பார்க்க முடியாது. 1987 டிசம்பர் 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். மறைந்தார். அவர் கையில் வாட்சோடுதான் அடக்கம் செய்யப்பட்டார் என்று நம்பி, மெரினா நினைவிடத்தில் கல்லின் மேல் காதை வைத்து டிக் டிக் சத்தம் கேட்க முயல்கிறவர்கள் தலைமுறை கடந்தும் வருகிறார்கள். சாவி வாட்சோ ஆட்டோமேட்டிக்கோ, கை அசையாமல் சுமார் 40 மணி நேரத்துக்கு மேல் ஓடாது. பேட்டரி வாட்ச் சில ஆண்டுகள். இது அங்கே குனிகிறவர்களுக்கும் தெரியாமலில்லை. ஆனாலும் ஒரு வாட்ச் அதைக் கட்டியவரின் உயிரோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்ட இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் காந்தியின் ஜெனித் பைக்கடிகாரமும் கண்ணாடியும் செருப்பும் கிண்ணமும் தட்டும் ஏலத்துக்கு வந்தபோது 18 லட்சம் டாலருக்குப் போனதற்கும் காரணம் கடிகாரத்தின் இயந்திரம் அல்ல.

ஆரணி வட்டாரத்துப் பீரோக்களில் கிடக்கும் வாட்சுகளுக்கு அத்தனை பெரிய பெயர் எதுவும் இல்லை. ஆனால் இங்கே ஒரு வசதி உண்டு: கட்டியவர் யார் என்று சொல்ல வீட்டில் இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். எந்தக் கல்யாணத்துக்கு வாங்கியது, எந்தக் கடை, யார் கொண்டுவந்தது, எந்த ஆண்டு, எங்கே ரிப்பேர் பார்த்தது. ஒரு சீட்டில் எழுதி வாட்சோடு வைத்துவிடலாம். பல ஆண்டு நின்றுபோன வாட்சில் எண்ணெய் காய்ந்து கெட்டியாகியிருக்கும். ஆசைக்காகச் சாவியைத் திருகினால் சக்கரங்கள் தேயும். முதலில் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை மூன்று: கேஸைப் பாலிஷ் போட வேண்டாம், டயலைத் தொட வேண்டாம், மாற்றிய பழைய பாகம் எதுவாக இருந்தாலும் ஒரு சின்னப் பொட்டலத்தில் கட்டித் திருப்பிக் கொடுங்கள்.